லாபம், இரண்டு, மூன்று

1

இங்கே நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மூன்றேகாலுக்குப் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவேன். அவள் கோட்டைக் கழற்றி மாட்டுவேன். கையுறைகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்; பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதன்பின் மாலைச் சாப்பாட்டுக்கு அரிசி அளந்து குக்கரில் போடுவேன். முப்பத்தொரு ஆண்டு பணியாற்றி, பள்ளித் துணை ஆய்வாளராக ஓய்வு பெற்றவனுக்கு இந்த வீட்டில் ஒதுக்கப்பட்ட பொறுப்புகள் இவைதான். இதுவரை எந்தத் தணிக்கை ஆட்சேபணைக்கும் இடம் வைக்கவில்லை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழிற்சாலை ஊர். தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடு. வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டுக் கதவில் சாவியை நுழைத்துப் பத்து நிமிடம் போராடியிருக்கிறேன். மகன் குமாரும் மருமகள் லதாவும் காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறுக்கு மேல்தான் வருவார்கள். திருவண்ணாமலையில் என் மனைவி காலமான மறு மாதம் குமார் வந்து என்னை அழைத்துக்கொண்டு வந்தான். மூன்று வருடம் ஆயிற்று. இந்த நாட்டில் தங்குவதற்கு நிரப்ப வேண்டிய படிவங்கள் அத்தனையையும் நானே நிரப்பினேன். குடியேற்ற அலுவலகத்து அதிகாரி அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கான விண்ணப்பத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். இந்த மண்ணில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பேத்தி மீராவுக்கு ஆறு வயது. அவளுக்குத் தமிழ் வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்; சில நாள் அதுவும் சொல்ல மாட்டாள். அரிசி அளக்கும்போது மட்டும் முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி என் பக்கத்தில் நிற்பாள். டம்ளரில் அள்ளித் தலைதட்டிக் கொட்டுவேன். "லாபம். ரெண்டு. மூணு."

எங்கள் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவார், அடுத்தது இரண்டு. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். களம் போய், நிலம் போய், படித்து உத்தியோகத்துக்கு வந்த பிறகும் அரிசிப் பானைக்கு முன்னால் நின்றால் என் வாயில் ஒன்று என்பது வராது.

2

போன மாதம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் எண்ணறிவு பற்றி ஒரு தனித் தேர்வு நடத்தியிருக்கிறார்கள். மீராவின் எண்ணும் திறன் குறித்துக் 'கொஞ்சம் கவலை' இருக்கிறது, வீட்டிலிருந்து யாராவது வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அடுத்த பருவத்திலிருந்து அவளை வேறு அறையில் ஒரு சிறு குழுவோடு உட்காரவைக்கும் எண்ணம் இருக்கிறதாம். கடிதம் மிக மென்மையாக இருந்தது. மென்மையான கடிதங்களை நான் நிறைய எழுதியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

லதா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "மாமா, அந்த ரூம்ல போட்டாங்கன்னா அப்புறம் அங்கயேதான். எதிர் வீட்டுப் பையன ரெண்டு வருஷமா அங்கதான் வெச்சிருக்காங்க."

குமாருக்கு லீவு இல்லை. "அப்பா, நீங்க போங்க. இது உங்க சப்ஜெக்ட்தானே?"

என் துறைதான். பதில் கடிதத்தை அன்றே எழுதினேன். 'பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தின்பேரில்' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடித்தேன். ஆங்கிலத்தில்தான். அந்தக் கடிதம் ஆசிரியர்கள் அறையின் பலகையில் ஒரு வாரம் குத்தப்பட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டதாம். எங்கள் ஊரில் இப்படி எழுதாவிட்டால்தான் பலகையில் குத்துவார்கள்.

3

மீராவின் ஆசிரியைக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. குழந்தைகள் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒன்றைக் காட்டினார். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். முப்பது ஆண்டு குழந்தைகளை என் மேசைக்கு எதிரில் நிற்கவைத்தவன்.

தேர்வை அவர் விளக்கினார். முதலில் வாயால் எண்ண வேண்டும். பிறகு பொருளைத் தொட்டு எண்ண வேண்டும். ஏழு எடு என்றால் எடுக்க வேண்டும். இரண்டு வரிசைப் பொத்தான்களைச் சமமாக வைத்துவிட்டு, ஒரு வரிசையை மட்டும் நீளமாகப் பரப்பி, "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்பார்கள். நீளமானதில்தான் அதிகம் என்று சொல்லும் குழந்தைக்கு எண் இன்னும் கைவரவில்லை என்று பொருள். எல்லாம் எனக்குத் தெரிந்தவை. இதே கேள்விகளைப் புளியங்கொட்டை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

"விசித்திரம் என்னவென்றால், வாயால் எண்ணச் சொன்னால் மீரா நூறு வரை சரியாகச் சொல்கிறாள். பொருளைத் தொட்டு எண்ணும்போது மட்டும்தான் இது" என்று சொல்லிவிட்டு, மீராவைக் கூப்பிட்டார். மேசையில் பத்து மரக்கட்டைகளைக் கொட்டி, "தாத்தாவுக்கு எண்ணிக் காட்டு" என்றார்.

மீரா முதல் கட்டையைத் தொட்டாள். "லாபம்." இரண்டாவதைத் தொட்டாள். "டூ. த்ரீ. ஃபோர்..."

பத்து வரை பிசகில்லாமல் போனாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சரியாகச் செய்த பிள்ளை பார்க்கிற பார்வை.

மூன்று வருடத்தில் அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரே சொல். அதற்காகத்தான் அவளை வேறு அறைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

என் அலுவலக ஆங்கிலத்தில் விளக்கினேன். களம், மரக்கால், முதல் அளவை நல்ல சொல்லால் தொடங்குவது. மிஸ் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "ஆகா, அப்படியானால் அவளுக்கு ஒன்று தெரியும். பெயர்தான் வேறு" என்றார். மீராவிடம் மேற்கொண்டு ஏழு கட்டை கேட்டார், எடுத்தாள். பொத்தான்களைப் பரப்பிக் கேட்டார். "சேம்" என்றாள், இது கூடத் தெரியாதா என்கிற குரலில். மிஸ் படிவத்தின் கடைசியில் இருந்த குறிப்புக் கட்டத்தில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை. மீரா தன் வகுப்பிலேயே இருப்பாள்.

எழுந்தபோது மிஸ் சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்கள் ஊரில் இப்படி நிறையக் குழந்தைகள் எண்ணுவார்களோ? உங்களிடம் தேர்வுக்கு வந்ததுண்டா?"

"இல்லை" என்றேன். "ஒன்றுகூட வந்ததில்லை."

4

வந்தது.

பதினைந்து ஆண்டுக்கு முன்னால், எழுபதுகளின் தொடக்கம். எங்கள் சரகத்தில் சில பள்ளிகளில் மட்டும் சோதனை முயற்சியாக, ஒன்றாம் வகுப்புக்கு எண்ணறிவுத் தேர்வு வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. ஐந்து வினாக்கள். குறித்த மதிப்பெண் வராத குழந்தை அதே வகுப்பில் தொடர வேண்டும். தேர்வை ஆய்வாளரே நேரில் நடத்த வேண்டும், எந்தத் துப்பும் கொடுக்கக் கூடாது, முதலில் சொன்ன விடையை மட்டுமே கொள்ள வேண்டும். இரண்டாம் வினாவில், அதாவது பொருளைத் தொட்டு எண்ணுவதில், தவறினால் மற்ற மூன்றையும் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுற்றறிக்கை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுவரை ஆய்வு என்றால் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஒப்பிக்க, நாங்கள் தலையாட்டிவிட்டு மோர் குடித்து வருவதுதான். இது ஒரு முறை. முறை என்றால் எனக்கு உயிர்.

கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமம். ஒரே ஆசிரியர், துரைசாமி வாத்தியார் என்பார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலம் என்பதால் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களில் ஆறாவது, செல்வி என்ற பெண். களத்தில் நெல் அளக்கும் ஏழுமலையின் மகள்.

"ஒன்றிலிருந்து இருபது வரை சொல்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று இருபது வரை கணீரென்று சொன்னாள். முழு மதிப்பெண் போட்டேன். பத்துப் புளியங்கொட்டைகளை எதிரில் வைத்தேன்.

"தொட்டு எண்ணு."

முதல் கொட்டையை விரலால் தன் பக்கம் இழுத்தாள். "லாபம்." அடுத்தது. "ரெண்டு. மூணு."

நிறுத்து என்று கையைக் காட்டினேன். கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

துரைசாமி வாத்தியார் குனிந்து காதருகில் சொன்னார். "ஐயா, லாபம்னா ஒண்ணுதானுங்களே. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது."

"இப்பதான் ஒண்ணு ரெண்டுன்னு மொத்தமும் சொல்லிச்சிங்க. அந்தக் குறிப்புக் கட்டத்துலயாச்சும் ஒரு வார்த்தை எழுதுங்கய்யா."

"குறிப்புக் கட்டம் அம்மை போட்ட பிள்ளை, காது கேளாத பிள்ளை, இப்படிப்பட்டதற்கு. வழக்கத்துக்கு இல்லை."

சுற்றறிக்கையில் அப்படி எழுதியிருக்கவில்லை. 'தேவையெனில்' என்று மட்டும்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்ற எண்ணம்தான் அப்போது இருந்தது. இப்போது எழுதுகையில் அதைவிட நல்ல காரணம் ஒன்று கிடைக்கும் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கையில் வாத்தியார் அவளிடம் மெல்லச் சொன்னார்: "ஏழு எட்றா கண்ணு." அவள் மடமடவென்று ஏழு கொட்டைகளை எடுத்து என் பதிவேட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். சரியாக ஏழு. கேட்காத வினாவுக்கு விடை. அவற்றைப் புறங்கையால் தள்ளிவிட்டுப் பக்கத்தைத் திருப்பி, "அடுத்தது யார்?" என்றேன்.

5

முடிவுகள் வெளியான வாரம் ஏழுமலை மகளைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தார். எங்கள் அலுவலகம் அப்போது தேரடிக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னல் முழுக்க மலை. வருகிறவர்கள் கும்பிடுவது என்னையா மலையையா என்று கடைசிவரை எனக்குத் தெரிந்ததில்லை. ஏழுமலையும் கும்பிட்டார்.

"பொண்ண பெயிலுன்னு போட்டுட்டீங்களாம்."

"பெயில் என்று யார் சொன்னது? அதே வகுப்பில் தொடர்கிறாள்."

"ரெண்டுக்கும் இன்னாங்க வித்தியாசம்?"

நல்ல கேள்வி. சுற்றறிக்கையில் அதற்கு விடை இல்லை. நான் கோப்பைப் புரட்டினேன்.

"ஐயா, கொயந்த தெரியாம சொல்லலீங்க. என்கூட களத்துக்கு வந்து கேட்டுக் கேட்டு வந்துது. மொத மரக்கால ஒண்ணுன்னு அளந்தா நெல்லு அம்பாரம் கம்மியாப் பூடும்பாங்க. எனுக்குத் தெரிஞ்சி யாரும் ஒண்ணுன்னு அளந்ததில்லீங்க. தப்புன்னா அது என்னிது. எம்மேல போட்டுக்குங்க."

"உன்மேல் எப்படிப் போடுவது? நீ பள்ளியில் சேர்ந்திருக்கிறாயா?"

பக்கத்து மேசை எழுத்தர் சிரித்தார். ஏழுமலையும் சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அது இல்லீங்க. வூட்ல கைக்கொயந்த ஒண்ணு கீது. பாத்துக்க ஆள் இல்ல. ரெண்டாவது போனா படிக்கட்டும், போவலன்னா நின்னுடட்டும்னு இவ அம்மா சொன்னா. நானும் சரின்னு வாய உட்டுட்டேன். இது ரெண்டாவது போவாதுன்னு யாருங்க நெனச்சது?" மகளை முன்னால் தள்ளினார். "எண்ணிக் காட்டும்மா. ஐயாவுக்கு எப்படி வேணுமோ அப்படி எண்ணிக் காட்டு."

மேசையில் ரப்பர் முத்திரைகள் வரிசையாக நின்றன. செல்வி முதல் முத்திரையின் பிடியைத் தொட்டாள். தொட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"ஒண்ணு" என்றாள். பள்ளியில் கேட்ட அந்தக் கணீர்க் குரல் இல்லை. எதையோ போட்டு உடைத்துவிட்ட பிள்ளையின் குரல். "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு."

ஆறு முத்திரைகள்தான் இருந்தன.

"சரிதான்" என்றேன். "ஆனால் தேர்வு முடிந்துவிட்டது. மறுதேர்வுக்கு விதியில் இடமில்லை. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் வேலூர் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்கலாம். தலைமையாசிரியர் வழியாக, இரண்டு படிகளில்."

"எங்க வூட்ல எழுதத் தெரிஞ்சவங்க இல்லீங்களே. இந்தப் பொண்ணுதான் ஒரு நாளு எழுதும்னு..." என்று இழுத்தவர் நிறுத்திக்கொண்டார். "சரிங்க. வரோம்."

மரப்படியில் இறங்கும்போது செல்வி கேட்டது மேலே எனக்குக் கேட்டது.

"எப்பா, ஒண்ணுன்னுதான சொன்னேன்?"

"சொன்னம்மா. நல்லாத்தான் சொன்ன."

அடுத்த ஆண்டு ஆய்வுக்குப் போனபோது வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் சிவப்புக் கோடு இருந்தது. தொடர்ந்து வராததால் நீக்கம். நீக்கம் முறைப்படி செய்யப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். முறைப்படிதான் இருந்தது. துரைசாமி வாத்தியார் அன்று எனக்கு மோர் கொடுத்தார்.

6

பள்ளியில் மிஸ்ஸிடம் பேசிவிட்டு வந்த அன்று மாலை வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. லதா எனக்கென்று தனியாகக் கேசரி கிளறினாள். சாப்பிட்டு முடித்ததும் குமார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இனிமே அரிசி அளக்கறப்ப அவ முன்னாடி ஒண்ணுன்னே சொல்லிடுங்களேன். க்ளாஸ்ல பசங்க அவள லாபம் லாபம்னு கூப்பிடறாங்களாம். நேத்து அழுதாளாம்."

"சொல்லிட்டாப் போச்சு" என்றேன். இதில் நான் மறுக்க என்ன இருக்கிறது? மறுத்தால் எந்த விதியைக் காட்டுவேன்?

மறுநாள் முக்காலியில் மீரா நின்றாள். டம்ளரை அள்ளினேன். வாய் தானாக 'லா' என்று தொடங்கிவிட்டது. அவள் என் கைமேல் தன் கையை வைத்து, பொறுமையாக, தன் மிஸ்ஸின் குரலிலேயே திருத்தினாள். "நோ தாத்தா. ஒன்."

"ஒன்" என்றேன்.

"குட்" என்றாள். இறங்கி, முக்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அதன்பிறகு அளக்கும்போது வரவில்லை. டூ, த்ரீ என்று எண்ணுவதைப் பார்க்க எந்தக் குழந்தை வரும்? இப்போது மூன்று டம்ளர் தேவையும் இல்லை. மாலையில் அவர்கள் மூவரும் ரொட்டியோ உருளைக்கிழங்கோ சாப்பிட்டுக்கொள்கிறார்கள். சோறு எனக்கு மட்டும்தான். ஒரு டம்ளர்.

செல்விக்கு இப்போது இருபது வயது இருக்கும். எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள், எனக்குத் தெரியாது. விசாரித்ததும் இல்லை. இது வெளிவரும் பத்திரிகை கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்துக் கடையில் கிடைக்கும் என்பது தெரியும். அவளால் இதைப் படிக்க முடியாது என்பதும் தெரியும். அதற்கான ஏற்பாட்டைச் செய்தவன் நான். படிக்கத் தெரிந்தவர் யாராவது, முடிந்தால், அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். பதினைந்து ஆண்டு தாமதம். முப்பது நாள் கெடு கடந்துவிட்டது. இதில் கையெழுத்திட எனக்கு இப்போது அதிகாரமும் இல்லை. இந்த மூன்று குறைகளையும் நானே சுட்டிக்காட்டிவிட்டு, அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன்.

குறிப்பு: இக்குழந்தை வாயால் எண்ணுகையில் 'ஒன்று' எனத் தொடங்கி இருபது வரை சரியாகச் சொன்னது. பொருளைத் தொட்டு எண்ணுகையில் முதலாவதை, களத்து வழக்கப்படி, 'லாபம்' என்றது. ஆசிரியர் சொன்னதும் ஏழு கொட்டைகளை எண்ணி வைத்தது. ஆய்வு செய்தவர் தள்ளிவிட்டார். இக்குழந்தைக்கு எண் தெரியும். இரண்டாம் வகுப்புக்கு அனுப்பவும்.